வெட்டு எந்தப் பக்கம்

“உன் புஸ்தகத்துல கீற கண்ணு வேற, எங்கண்ணு வேற. போய் வேற வேலை இருந்தா பாரு.”

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை, கண்ணின் படம் போட்ட பக்கத்தில் விரித்துப் பிடித்தபடி நின்ற என்னிடம் அத்தை இப்படிச் சொன்னார். அப்போது அவர் கையில் ஓர் ஊசி இருந்தது. கால் மணி நேரமாக அதில் நூல் நுழையவில்லை. நூலின் நுனியை எச்சில் தொட்டுத் திரித்து, கையை முழுதாக நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்து, கெட்ட வாடை அடிக்கிற எதையோ பார்ப்பதுபோல ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது இவ்வளவுதான்: உங்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கிறது அத்தை, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்புவரை வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. ஒரு பாடத்தில் படித்ததை ஓர் உயிருள்ள மனிதரிடம் முதன்முதலாகக் கண்டுபிடித்துச் சொன்ன பெருமையில் நின்றுகொண்டிருந்தவளுக்கு அந்தப் பதில் அறைந்தது போல இருந்தது. உண்மையைச் சொல்வதானால், அவருடைய கண்ணைப் பற்றிய கவலை எனக்கு அப்போது இல்லை. என் படிப்பை இப்படித் தூக்கி எறிந்துவிட்டாரே என்பதுதான் சுட்டது.

அத்தை என்று கூப்பிட்டாலும் அவர் உறவில்லை. அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பின்னால், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட ஆறு வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. அவரும் அம்மாவும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனிக்கு ஒரே ஷேர் ஆட்டோவில் போனார்கள். வண்டி பிரேக்குக்குப் போடுகிற ரப்பர் வளையங்கள் அங்கே தயாராகின்றன. இருவருக்கும் சோதனை மேசையில் வேலை. வளையத்தை விளக்குக்கு அடியில் பிடித்து, விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். வெட்டு இருந்தால் சிவப்புப் பெட்டி, இல்லையென்றால் பச்சைப் பெட்டி. மயிரிழை அளவு வெட்டு இருந்தாலும் பிரேக் எண்ணெய் கசிந்துவிடும் என்று அம்மா சொல்வாள்.

அந்த மேசையில் அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது என்பார்கள். மற்றவர்கள் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள், அத்தைக்கு அரைச் சுற்றுப் போதும். ஒருமுறை சூப்பர்வைசர் நல்லது என்று வைத்த வளையத்தை எடுத்து, அவர் சட்டைப் பையிலேயே போட்டு, “இத்த ஊட்டுக்கு எடுத்துக்கினு போய் உன் வண்டில மாட்டு, அப்பால பேசு” என்றாராம். அவர் எடுத்துப் பார்த்தபோது உள் விளிம்பில் நகக்கீறல் போல ஒரு வெட்டு இருந்ததாம். அம்மா இந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை.

வீட்டு வரிசையிலும் அப்படித்தான். கண்ணில் தூசி விழுந்தால் எல்லாரும் அவரிடம் ஓடுவோம். முந்தானை நுனியை முறுக்கி, இமையைப் புரட்டி, ஒரே ஒற்றலில் எடுத்துவிடுவார். எங்களுக்குக் கெண்டை மீன் சாப்பிட அவர் முள் எடுத்துத் தர வேண்டும். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, தூரத்தில் பஸ் தீப்பெட்டி அளவில் தெரியும்போதே நம்பரைச் சொல்வார். அதைக் கேட்டபிறகே மற்றப் பெண்கள் பையைத் தோளில் மாட்டுவார்கள். சோதனை மேசையில் இருந்தவரை அந்தத் தூரப்பார்வை அவரைக் கைவிடவில்லை. அதுவே அவரை ஏமாற்றியும் விட்டது. எவ்வளவு தொலைவில் வருகிற பஸ்ஸையும் படிக்கிற கண்ணில் என்ன குறை இருக்க முடியும்?

அவருடைய இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் பாதி தூரம்வரை, தோல் கறுத்துச் சுருங்கியிருக்கும். சோதனை மேசைக்கு வருவதற்கு முன்பு மூன்று ஆண்டுகள் அவர் வார்ப்புப் பிரிவில் இருந்தார். கொதிக்கிற இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் ரப்பரை வைத்து எடுக்கிற வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். அங்கே வாங்கிய தழும்பு அது. “அங்க மறுபடி போவச் சொன்னா ஏரில வுயுந்துடுவேன்” என்பார். அவர் வாழ்க்கையில் சம்பாதித்ததிலேயே பெரியது அந்த மேசையும் நாற்காலியும்தான்.

ஆகவே கண்ணாடி என்ற பேச்சையே அவர் வெறுத்தார். அந்தக் கம்பெனியில் யாரும் எழுதி வைக்காத ஒரு நம்பிக்கை இருந்தது. எப்போதோ ஒரு பெண் கண்ணாடி போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தாள், மாதம் முடிவதற்குள் வார்ப்புக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான் கதை. அவள் ஏன் மாற்றப்பட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. கண்ணாடி போட்டால் நாற்காலி போய்விடும் என்று மேசையில் இருந்த எல்லாப் பெண்களும் நம்பினார்கள், அம்மாவும்தான்.

நாற்பத்தைந்தைத் தாண்டியபோது அத்தையின் நாற்காலி மேசையிலிருந்து மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. வளையம் இருந்த கை நீண்டுகொண்டே போனது. பக்கத்து நாற்காலிக்காரி சும்மா இருப்பாளா? “இன்னாக்கா, இன்னும் கொஞ்சம் தள்ளினா அயனம்பாக்கம் ஏரிக்கரைல வச்சித்தான் பாப்ப போலக்கீதே” என்றாளாம். அத்தை மறுநாள் முதல் ஜன்னல் ஓரத்து இடத்துக்குச் சண்டை போட்டு மாறிக்கொண்டார். மழைக்காலத்தில் மேகம் கவிந்தால் அவருக்குக் கோபம் வரும். இன்னொரு பழக்கமும் வந்தது. விரல்களை மடக்கி, நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை விட்டு, அந்த ஓட்டை வழியாக வளையத்தைப் பார்ப்பார். அம்மா அதை வீட்டில் நடித்துக் காட்டுவாள், நாங்கள் சிரிப்போம்.

பள்ளி முடித்த பிறகு, கண் பரிசோதனைப் படிப்பின் முதல் வருடத்தில், ஆய்வகத்தில் கறுப்பு அட்டையில் குத்திய ஒரு துளையை என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார்கள். மங்கலாக இருந்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது. துளை வழியாக மெல்லிய ஒளிக்கீற்று மட்டும் உள்ளே போகிறது, அதை வளைக்க லென்ஸுக்கு அதிக வேலை இல்லை, அதனால் பிம்பம் தெளிகிறது என்று ஆசிரியர் விளக்கினார். வெயிலில் கண்மணி சுருங்கும்போது நடப்பதும் இதேதான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பெண் பிழைப்புக்காக இதைத் தானாகவே கண்டுபிடித்திருந்தார். அதைப் பார்த்து நாங்கள் சிரித்திருந்தோம்.

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை விரட்டியவர், இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குள் வந்தார். அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து வந்திருந்தார். சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்தார். கம்பெனியில் ஆண்டுக்கு ஒருமுறை கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கண் பார்க்கிற அட்டை. முதலுதவி அறையில் தொங்கிக்கொண்டிருந்ததைச் சனிக்கிழமை எடுத்து வந்திருக்கிறார், திங்கட்கிழமை திரும்ப மாட்டிவிடுவாராம். அட்டை முழுக்க எண்கள், மேலே பெரிதாக, கீழே வரவரச் சிறிதாக. அத்தைக்கு எண்கள் தெரியும். கீழே இருந்த நான்கு வரிகள் மட்டும் அவருக்குச் சாம்பல் கோடுகளாகத் தெரிந்தன.

“படிச்சிச் சொல்லு. நான் மனசுல ஏத்திக்கிறேன். ஒங்கம்மாவாண்ட மூச்சு வுடாதே.”

நான் தயங்கினேன். அப்போது அவர் சொன்னார்: “இந்த வரிசைல படிச்சவ நீ ஒருத்திதான். ஒன்ன வுட்டா யாராண்ட போவேன்?”

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. இரண்டு வாரமாக எனக்குள் இருந்த வீக்கம் வடிந்துவிட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த கலை மனப்பாடம். பள்ளிக்கூடம் எனக்குக் குறைவில்லாமல் கற்றுக்கொடுத்த ஒரே விஷயம் அதுதான். வரியை இரண்டாக உடைத்து, ராகம் போட்டு, நான் சொல்லி அவரைத் திரும்பச் சொல்ல வைத்தேன். ஏழு நாலு ரெண்டு, ஒம்போது அஞ்சு. மூணு மூணு எட்டு, ஆறு ரெண்டு. மதியத்துக்குள் நான்கு வரிகளும் அவர் நாக்கில் ஏறிவிட்டன. பின்னாலிருந்து முன்னாலும் சொல்ல வைத்துச் சோதித்தேன். ஒரு பிழை இல்லை. நல்ல மாணவி.

அந்த மாதத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது: வெள்ளெழுத்து என்றால் என்ன, ஏன் ஏற்படுகிறது? நான் எழுதினேன். தூரத்துப் பொருளைப் பார்க்கும்போது விழி லென்ஸ் தட்டையாகிறது. அருகில் உள்ளதைப் பார்க்க, தசைகள் இறுகி அதைப் பருமனாக்குகின்றன. பருமனான லென்ஸ் ஒளியை அதிகமாக வளைத்து விழித்திரையில் குவிக்கிறது. வயது ஆக ஆக லென்ஸ் கெட்டிப்பட்டுப் பருமனாக மறுக்கிறது. குவிலென்ஸ் கண்ணாடி அணிந்தால் சரியாகும். ஐந்துக்கு ஐந்து மதிப்பெண்.

இப்போது குமணன்சாவடியில் ஒரு கண் மருத்துவமனையில் நான் வேலை பார்க்கிறேன். நாற்பது தாண்டியவர்களுக்கு ரப்பரை வைத்து விளக்குகிறேன். புது ரப்பர் அழுத்தினால் அழுந்தும், விட்டால் எழும்பும். பழைய ரப்பர் அழுந்தாது. அது ரப்பரின் குற்றமில்லை. எல்லாருக்கும் உடனே புரிகிறது. கட்டைவிரலால் ஒரு வளையத்தை அமுக்கிப் பார்த்தே, இது பழைய சரக்கு, கெட்டிப்பட்டுப்போச்சு என்று ஒதுக்கிவிடக்கூடியவர் அத்தை. அவரிடம் நான் சிலியரித் தசை என்று புத்தகத்தைக் காட்டினேன்.

அந்த ஆண்டு அவர் தேறினார். அடுத்த ஆண்டும் அதே அட்டை, அதே பாட்டு, மறுபடியும் தேறினார். குமணன்சாவடியிலிருந்து எனக்குச் சுடச்சுட போண்டா வாங்கி வந்தார். அந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை வெட்டு வளையங்கள் பச்சைப் பெட்டிக்குள் போயின, அவை எந்த வண்டிகளில் ஏறி எந்தச் சாலைகளில் ஓடின என்று எனக்குத் தெரியாது. போண்டா தின்றபோது நான் அதை நினைக்கவில்லை. இப்போது பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்களுக்கு இடையில் ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றால் நினைக்கிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு பெட்டி திரும்பி வந்தது. வண்டி செய்கிற கம்பெனி சோதித்துப் பார்த்து, பிரேக் கசிகிறது என்று திருப்பி அனுப்பியிருந்தது. பெட்டிக்குள் இருந்த சீட்டில், சோதித்தவர் என்ற இடத்தில், அத்தையின் எண். அந்த வாரமே, தரக்கட்டுப்பாட்டுக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி எல்லாருக்கும் கண் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அன்று மாலை அம்மா வந்து, முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து சொன்னாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதிகாரி சொந்தமாக ஓர் அட்டை கொண்டுவந்திருந்தாராம். அதில் ஒரு கயிறு கட்டியிருந்ததாம். கயிற்றின் நுனியைக் கன்னத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் அட்டையைத் தள்ளிப் பிடிக்க முடியாது. முதல் ஆளாக அத்தை வந்து உட்காரும் முன்பே மேல் வரிகளை ஒரு தாளால் மூடிவைத்து, கடைசி நான்கு வரிகளை மட்டும் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று, ராகம் பிசகாமல் சொன்னார். ஏழு நாலு ரெண்டு, ஒம்போது அஞ்சு. மூணு மூணு எட்டு, ஆறு ரெண்டு. அதிகாரி நான்கு வரியும் முடியும்வரை கேட்டார். பிறகு மேலே மூடியிருந்த தாளை எடுத்தார்.

அட்டையில் ஓர் எண்கூட இல்லை. எல்லாம் வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு பக்கத்தில் ஒரு வெட்டு. வெட்டு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, இடமா, வலமா என்று சொல்ல வேண்டும், அதுதான் சோதனை. மேல் வரியில் இருந்த பெரிய வளையங்கள் அத்தைக்கு நன்றாகவே தெரிந்தன. வாழ்நாளெல்லாம் அவர் பார்த்தது அதைத்தானே.

முதலில் மேசை முழுக்கச் சிரித்ததாம். அம்மாவும் சிரித்திருக்கிறாள். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக நிறுத்தினார்களாம்.

“யாரும்மா இதைச் சொல்லிக்கொடுத்தது?” என்று அதிகாரி கேட்டார்.

“யாரும் இல்ல சார். நானா கத்துக்கினேன்.”

“கண்ணாடி போட்டுட்டு வந்திருந்தா இதே சேர்லயே உட்கார்ந்திருக்கலாமேம்மா. யாரு வேணாம்னு சொன்னா?”

வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. அந்த மேசையிலிருந்து யாரும் போய்க் கேட்டதுமில்லை. ஒரு கண்ணாடியோடு சரியாகிப்போயிருக்கும். ஆனால் இப்போது அவர் பார்வை குறைந்தவர் இல்லை, பொய் சொன்னவர். சோதனை மேசையில் பொய் சொன்னவரை வைத்துக்கொள்ள முடியாது என்று மறுநாளே வார்ப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

“எந்தப் பாவி சொல்லிக் குடுத்தாளோ, அவ நல்லாவே இருக்க மாட்டா” என்று அம்மா சொல்லிவிட்டு எழுந்து குளிக்கப் போனாள். நான் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. வைத்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர்க் குழாயடியில் அத்தையும் நானும் தனியாக நின்றோம். நான் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேசினார்.

“நீ சொல்லிக் குடுத்ததுல ஒரு தப்பும் இல்லடி. அட்டதான் மாறிப்போச்சு. ஒங்கம்மாவாண்ட சொல்லி வைக்காதே, அவ வேலைக்கும் ஒல வச்சிடப் போறானுங்க.”

வார்ப்பில் அவர் பதினாறு நாள் தாங்கினார். பதினேழாம் நாள் தட்டு மூடும் விளிம்பு எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியாமல் கையை வைத்துவிட்டார். இந்த முறை வலது கை. உள்ளங்கையின் தோல் தட்டோடு போய்விட்டது. காயம் ஆறிய பிறகு அந்த விரல்கள் முழுதாக மடங்கவில்லை. வேலை போனது. நான் பொதுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் சாமான்களை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு, மகள் வீட்டோடு இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பது வசதியாக இருந்தது.

கண் படிப்பை ஏன் எடுத்தாய் என்று கேட்பவர்களிடம் பிடித்திருந்தது என்று சொல்லி வந்தேன். ஏழு ஆண்டுகள் அப்படியே சொன்னேன். போன மாதம், அம்மாவுக்கு நானே கண்ணாடி போட்டுவிட்டேன். அவள் இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறாள், இப்போது மேசையில் பாதிப்பேர் கண்ணாடிக்காரிகள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் உள்ளங்கை ரேகைகளைப் பார்த்த அம்மா, “அவளுக்கும் இத்த அப்பவே யாராச்சும் சொல்லியிருக்கலாம்” என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொன்னேன் என்று சொன்னேன். பிறகு அட்டையைப் பற்றியும் சொன்னேன்.

அம்மா மூன்றாம் நாள், ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, திருமழிசைக்கு அப்பால் ஒரு தெருவின் பெயரைச் சொன்னாள். இத்தனை ஆண்டும் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இப்போது பஸ் நம்பர்கூடத் தெரியவில்லையாம், கேட்டால் பனி என்று சொல்கிறாராம் என்றும் சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அத்தை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிட்ட பிறகு குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். கைப்பையிலிருந்த டார்ச்சை அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் லென்ஸ் சாம்பல் பூத்திருந்தது. வலது கண்ணில் ஒளி உள்ளே போக வழியே இல்லை.

“இன்னா பாக்கிற? பனி கவிஞ்சிக்கினு கீது, அவ்ளோதான்.”

“சித்திரை வெயில்ல ஏது அத்தை பனி? கண்புரை. உள்ள கீற லென்ஸை எடுத்துட்டு வேற வைக்கணும்.”

“கத்திலாம் வேணாம். எனக்கு நல்லாத்தான் தெரியுது.”

தரையில் அவர் காலருகே உட்கார்ந்தேன். அன்றைக்கே எனக்கு எல்லாம் தெரியும் என்றும், தெரிந்தே எண்களைச் சொல்லிக்கொடுத்தேன் என்றும் சொன்னேன். நீங்கள் என்னைப் படித்தவள் என்று சொன்னதற்காகச் செய்தேன் என்றும் சொன்னேன். அத்தை மடங்காத விரல்களால் என் தலையைத் தேடித் தொட்டார்.

“நாந்தான கேட்டேன்” என்றார். தலையைத் தடவியபடியே, “நீ மாட்டேன்னிருந்தா வேற யாராண்டயாச்சும் போயிருப்பேன்” என்றார்.

அது என்னை விடுவிக்கச் சொன்ன வார்த்தை. நான் விடுபடவில்லை. அறுவைச் சிகிச்சைக்குச் சரி என்றும் அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்பதை மறுபடி ஒருமுறை சொன்னார், முன்பைவிடச் சற்று மெதுவாக. அவருடைய மகளிடம் அடையாள அட்டைகளின் நகலை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

திங்கட்கிழமை காலை அரசு மருத்துவமனையில் வியாழக்கிழமைக்கு இடம் இருந்தது. என் வேலையிடத்தில் மூன்று நாள் விடுப்புச் சொல்லிவிட்டேன். படிவத்தில் அத்தையின் பெயரை எழுதினேன். உடன் வருபவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் பக்கத்து வீடு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஜன்னலுக்குள் நீட்டினேன்.